டச்பேட் கிளிக் ஏன் விழவில்லை?

கேள்வி: அண்ணா, நான் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கிராமம். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஓசூரில் பழைய கேமிங் லேப்டாப் ஒன்று வாங்கினேன். கோர் ஐ5 10300எச் பிராசஸர், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ், 8 ஜிபி ரேம். வாங்கிய அன்று அங்கேயே ஓட்டிப் பார்த்தேன், பிரமாதமாக ஓடியது. இப்போது கேம் ஆரம்பிக்கும்போது 70 எஃப்பிஎஸ் (நொடிக்கு 70 படம்) வருகிறது, கால் மணி நேரத்தில் 30, 35 என்று இறங்கிவிடுகிறது. ஓவர்க்ளாக் செய்தால், அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டினால் சரியாகும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். செய்யலாமா? சூடு அதிகமானால் வெடிக்குமா? எங்கள் வீடு சிமென்ட் சீட் போட்டது, மதியத்தில் உள்ளே அனல் அடிக்கும். கட்டிலில் வைத்துத்தான் ஆடுவேன், படிப்பேன். அப்புறம், கொஞ்ச நாளாக டச்பேடில் கிளிக் சரியாக விழவில்லை. அதற்கு ஏதாவது செட்டிங் இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: தம்பி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசி வரியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஓவர்க்ளாக் பேச்சு அப்புறம்.

இதைப் படித்து முடித்ததும் லேப்டாப்பை ஷட்டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள். மூடிய லேப்டாப்பைச் சமதளமான மேஜையிலோ, வீட்டுத் தரையிலோ வையுங்கள். நான்கு மூலையையும் விரலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். ஆடுகிறதா? அப்புறம் கண்ணைத் தரைமட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பக்கவாட்டில் பாருங்கள். மணிக்கட்டு வைக்கும் இடம் நடுவில் மேடாகத் தெரிகிறதா? அடித்தட்டும் மேல்தட்டும் சேரும் கோட்டில் நகம் நுழையும் அளவு இடைவெளி விட்டிருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் பெரும்பாலும் டச்பேடில் கோளாறு இல்லை, அதற்குக் கீழே இருக்கும் பேட்டரி உப்பியிருக்கிறது. உங்கள் மாதிரி லேப்டாப்களில் பேட்டரி பெரும்பாலும் டச்பேடுக்கு நேர் கீழேதான் இருக்கும். அது உப்பினால் முதலில் தெரிவது கிளிக் விழாததுதான். என்னிடம் டச்பேட் ரிப்பேர் என்று வருகிற கேமிங் லேப்டாப்களில் முக்கால்வாசிக்கு அடித்தட்டைக் கழற்றினால் தலையணை மாதிரி ஒரு பேட்டரிதான் கண்ணில் படும்.

லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் திரவம் சூட்டிலும் வயதிலும் சிதைந்து வாயுவாகிறது. வெளியே போக வழி இல்லாததால் பை உப்புகிறது. நாள் முழுக்க சார்ஜரிலேயே செருகி நூறு சதவீதத்தில் வைத்து, கூடவே சூட்டில் கேமும் ஆடினால் இது சீக்கிரம் நடக்கும். உப்பிய உடனே தீப்பிடிக்கும் என்று சொல்லவில்லை. மாதக்கணக்கில் அப்படியே ஓட்டியவர்களும் வந்திருக்கிறார்கள். ஆனால் உள்ளே நேர், எதிர் தகடுகளைப் பிரித்து வைத்திருப்பது தாளைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் சவ்வு. உப்பிய பையை அழுத்தினாலோ, குத்தினாலோ, தொடர்ந்து சார்ஜ் ஏற்றினாலோ அது கிழியலாம். கிழிந்தால் அப்புறம் நாம் எதையும் நிறுத்த முடியாது.

என் சொந்தக் கதை ஒன்று. தொழிலுக்கு வந்து பல வருடம் ஆன பிறகு, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வந்த காலம். பசை போட்டு ஒட்டியிருந்த உப்பிய பேட்டரி ஒன்றைத் தட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன். பிளாஸ்டிக் கார்டு வைத்து மெல்ல அறுத்திருக்க வேண்டும், அவசரம். முதலில் ‘ஸ்ஸ்’ என்று சின்னச் சத்தம். பிறகு நெயில் பாலிஷ் போல, தின்னர் போல ஒரு தித்திப்பான வாடை. இது என்ன வாடை என்று நான் யோசிக்கிற நேரத்துக்குள் வெள்ளைப் புகை. நல்லவேளை, வேலை செய்துகொண்டிருந்தது ஒரு இரும்புத் தட்டின் மேல். தட்டோடு தூக்கி வாசலில் வைத்துவிட்டேன். கடை வாசல் சிமென்ட்டில் அந்தக் கருப்பு வட்டம் இன்னும் இருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களுக்கு முதல் பாடமே அந்த வட்டம்தான்.

அதனால் நீங்களாகக் கழற்ற வேண்டாம். சார்ஜ் போட வேண்டாம், டச்பேடை அழுத்திப் பார்க்கவும் வேண்டாம். கடைக்குக் கொண்டுபோகும்போது பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், மேலே மூட்டை எதுவும் வைக்க விடாதீர்கள். அதுவரை வீட்டில் வைக்கும் இடம் வைக்கோல், துணி, புளி மூட்டை எதுவும் பக்கத்தில் இல்லாத வெறும் தரையாக இருக்கட்டும். எப்போதாவது புகை வந்தால் அணைக்கிற வீரம் வேண்டாம், அந்தப் புகை மூச்சுக்கு ஆகாது. எல்லோரும் வெளியே வந்துவிட்டு 101-க்கோ 112-க்கோ கூப்பிடுங்கள். கழற்றிய பழைய பேட்டரியைக் குப்பையில் போடக் கூடாது, பழைய இரும்பு வாங்குபவரிடமும் கொடுக்கக் கூடாது. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. சர்வீஸ் செய்பவரிடமே விட்டுவிட்டு வாருங்கள்.

புது பேட்டரி வருகிற வரை, பேட்டரியே இல்லாமல் சார்ஜரில் மட்டும் பெரும்பாலான லேப்டாப்கள் ஓடும், சிலவற்றில் வேகம் குறையலாம். உங்களுடையது ஓடுமா என்று சர்வீஸ் செய்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் அணைந்துவிடும். அந்த நாட்களில் பயாஸ் (லேப்டாப்பை எழுப்பிவிடுகிற அடிப்படை மென்பொருள்) அப்டேட் மட்டும் போட்டுவிடாதீர்கள். பாதியில் கரண்ட் போனால் போர்டே பேசாது.

சரி, ஓவர்க்ளாக்குக்கு வருவோம்.

கால் மணி நேரத்தில் வேகம் இறங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. உங்கள் பிராசஸரின் அடிப்படை வேகம் 2.5 ஜிகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 250 கோடித் துடிப்பு. வேலை கூடும்போது 4.5 வரை தானாகவே ஏறும், அதற்கு டர்போ என்று பெயர். இன்டெல் விற்கும்போதே, சூடு அனுமதிக்கிற வரை ஓடிக்கொள் என்று சொல்லித்தான் அனுப்புகிறது. ஒரு வகையில் பார்த்தால் தொழிற்சாலையிலேயே ஓவர்க்ளாக் செய்து வந்த சாமான் அது. 100 டிகிரியைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இதற்கு த்ராட்டில் என்று பெயர். முதல் கால் மணி நேரம் நீங்கள் பார்க்கிற 70, சிப்புக்கு இருக்கிற திறமை. அப்புறம் வருகிற 30, அந்தச் சூட்டை வெளியேற்ற முடியாத கூலிங்கின் லட்சணம். சரக்கு ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாய் ஏறுகிற லாரியில் ரேடியேட்டர் கொதித்து ஆவி வருகிறது. அப்போது ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்து என்று யாராவது சொல்வார்களா? உங்கள் வீடியோக்காரர் சொல்கிறார்.

சூடு எவ்வளவு என்று ஒரு கணக்கு. என் மேஜையில் இருக்கிற சால்டரிங் அயர்ன் 25 வாட். ஈயத்தை உருக்க அது போதும். உங்கள் பிராசஸர் 45 வாட், கிராபிக்ஸ் 50 வாட், இரண்டும் சேர்ந்தால் 95. கிட்டத்தட்ட நான்கு சால்டரிங் அயர்னைக் கீபோர்டுக்கு அடியில் செருகி வைத்துக்கொண்டு ஆடுகிறீர்கள். டர்போ ஏறுகிற நொடிகளில் அந்த 45-ஐயும் தாண்டும். இவ்வளவையும் வெளியே தள்ள அதற்குள் இருப்பது உள்ளங்கை அகல ஃபேன் ஒன்றோ இரண்டோ, சுண்டுவிரலைவிட ஒல்லியான சில செம்புக் குழாய்கள், அதன் முனையில் சீப்புப் பல் மாதிரி தகடுகள்.

ஓவர்க்ளாக் என்றால் துடிப்பை மட்டும் கூட்டுவது என்று நினைக்கிறார்கள். துடிப்பு கூடினால் சிப் தடுமாறும், தடுமாறாமல் இருக்க வோல்டையும் கூட்ட வேண்டும். சூடு துடிப்போடு சேர்ந்து ஏறும், வோல்டோடு அதன் வர்க்கமாக ஏறும். துடிப்பைப் பத்து சதவீதம், வோல்டைப் பத்து சதவீதம் கூட்டினால் 1.1-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும். 1.33 வரும். 45 வாட் 60 ஆகிவிடும். வேகம் பத்து கூட, சூடு முப்பத்து மூன்று கூட. கூலர் பெரிதாக இருக்கிற டெஸ்க்டாப்பில் இந்த வியாபாரம் கட்டுபடியாகும். ஏற்கெனவே மூச்சு முட்டுகிற லேப்டாப்பில் கூட்டிய அந்தப் பத்தும் த்ராட்டிலில் போய், கையில் இருந்ததும் சேர்ந்து போகும்.

இன்னொரு பக்கம், உங்கள் பிராசஸரில் நிஜமான ஓவர்க்ளாக் செய்யவே முடியாது. வேகத்தைத் தீர்மானிக்கிற அதன் பெருக்கி எண் பூட்டப்பட்டது. பெயரின் கடைசியில் எச்கே என்று முடிகிறவை, எச்எக்ஸ் வகையில் பல, இவைதான் திறந்து விடப்பட்டவை. உங்களுடையது வெறும் எச். வீடியோவில் ஓவர்க்ளாக் என்று காட்டியது பெரும்பாலும் த்ராட்டில்ஸ்டாப் மாதிரி ஒரு மென்பொருளில் மின் வரம்பைத் தளர்த்திவிடுவதாக இருக்கும். இத்தனை வாட்டுக்கு மேல் போகாதே என்று கம்பெனி போட்ட வேலியைப் பிடுங்குவது அது. வேலி போட்டவர்களுக்கு அந்தக் கூலர் எவ்வளவு தாங்கும் என்று தெரியும்.

வெடிக்குமா என்று கேட்டீர்கள். பிராசஸர் வெடிக்காது. 100-இல் வேகத்தைக் குறைக்கும், அதையும் மீறிப் போனால் தானே லேப்டாப்பை அணைத்துவிடும். பிராசஸருக்கு இருக்கிற இந்த விவரம் அதைச் சுற்றி இருக்கிறவற்றுக்குக் கிடையாது. சார்ஜரில் இருந்து வருகிற 19 சொச்சம் வோல்டை ஒரு வோல்ட் சுமாருக்கு இறக்கிப் பிராசஸருக்கு ஊட்டுகிற மாஸ்ஃபெட் என்ற சின்னக் கருப்புச் சதுரங்கள் அதன் பக்கத்தில் வரிசையாக இருக்கும். பல லேப்டாப்பில் அவற்றின் மேல் கூலிங் தகடு எதுவும் இருக்காது. மின் வரம்பைத் தளர்த்தினால் முதலில் வேகிறது இவைதான். அவை சாகும்போது மின்சாரத்தைத் துண்டித்துக்கொண்டு சாவதில்லை, பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும். 19 வோல்ட் பக்கம் இருக்கிற மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனால் அந்த 19 வோல்டும் ஒரு வோல்ட் வாங்கவேண்டிய பிராசஸருக்குள் நேராகப் பாயும். பர்கூர் பக்கத்துப் பையன் ஒருவன் கொண்டுவந்த போர்டில் அரை மிளகு அளவுக்கு ஒரு ஓட்டையும், அதைச் சுற்றிப் பித்தளை நிறத்தில் கருகலும் இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் வரம்பைத் திறந்துவிட்டிருக்கிறான். மாஸ்ஃபெட்டை மாற்றிவிடலாம், உள்ளே போன பிராசஸரை என்ன செய்வது? லேப்டாப்பில் அது போர்டோடு சேர்த்து ஒட்டியது. அவனிடம் நான் சொன்ன விலைக்கு அவன் வேறு பழைய லேப்டாப்பே வாங்கிக்கொண்டான்.

இப்போது ஓசூர் விஷயம். அங்கே நன்றாக ஓடியது, இங்கே ஓடவில்லை என்பதில் விற்றவரை மட்டும் சந்தேகப்பட வேண்டாம். சிப்பின் சூடு என்பது அறையின் சூடு, அதற்கு மேல் சிப் ஏற்றுகிற சூடு. அறை ஒரு டிகிரி ஏறினால் சிப்பும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். தப்பிக்க வழி இல்லை. ஓசூர் கடல்மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர் உயரம், காவேரிப்பட்டணம் அதில் ஏறக்குறைய பாதி. ஓசூரில் ஒரு மார்கழி சாயங்காலம் 20 டிகிரி அறையில் 78-இல் நிற்கிற சிப், அக்னி நட்சத்திரத்தில் உங்கள் சீட் வீட்டின் 40 டிகிரியில் 98-க்குப் போகும். லேப்டாப்பில் எதுவுமே கெடவில்லை, காற்றுதான் மாறியது. வீடியோ எடுக்கிறவர்கள் ஏசி அறையில் உட்கார்ந்து 75 டிகிரி என்று பச்சை எழுத்தில் காட்டுவதை நம் ஊர்க் கணக்குக்கு மாற்றித்தான் படிக்க வேண்டும்.

இதோடு தூசியும் உண்டு. கிரானைட் பாலிஷ் பட்டறையில் கணக்கு எழுதுகிறவருடைய லேப்டாப்பைத் திறந்தேன். ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில், ஜமுக்காளத்தில் இருந்து வெட்டி எடுத்த துண்டு மாதிரி ஒரு படலம். இடுக்கியால் பிடித்து இழுத்தால் முழுசாக, ஒரே பட்டையாக உரிந்து வந்தது. ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது, காற்று ஒரு துளி போகவில்லை. கல்லு தூசி, டிப்பர் லாரி கிளப்புகிற செம்மண், மெத்தைப் பஞ்சு, எல்லாம் ஃபேன் எண்ணெயில் ஒட்டி இப்படி ஆகிறது. வாங்கி இரண்டு வருடம், அதற்கு முன்னால் இன்னொருவர் கையில் எத்தனை வருடமோ. உங்களுடையதிலும் இப்படி ஒரு ஜமுக்காளம் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

பேட்டரி மாற்றத் திறக்கும்போதே இதையும் செய்யச் சொல்லிவிடுங்கள், தனியாக இன்னொரு முறை திறக்க வேண்டாம். ஃபேனைக் கழற்றித் தகடுகளைச் சுத்தம் செய்யணும். ப்ளோயர் அடித்தால் ஃபேன் றெக்கையை விரலால் பிடித்துக்கொள்ளணும், காற்றில் கண்டபடி சுற்ற விட்டால் அதன் பேரிங் போகும். பிராசஸர் மேலும் கிராபிக்ஸ் சிப் மேலும் இருக்கிற பழைய தெர்மல் பேஸ்ட் இந்நேரம் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி உதிரும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்துப் புதிதாக வைக்கணும். எவ்வளவு என்றால், சிப் முழுக்க மெல்லிசாகப் பரவுகிற அளவு, ஒரு துவரம்பருப்பு. சிலர் களி உருண்டை மாதிரி வைத்து அமுக்குகிறார்கள். பேஸ்டின் வேலை இரண்டு உலோகத்துக்கு நடுவில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத காற்றுப் பள்ளங்களை நிரப்புவது மட்டும்தான். தடிமன் கூடினால் அதுவே சூட்டுக்குத் தடுப்பாகிவிடும். செம்புக் குழாயை யாரும் வளைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது வெறும் செம்புக் கம்பி இல்லை. உள்ளே காற்றை எடுத்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் வைத்திருப்பார்கள். சிப் பக்கம் ஆவியாகி, ஃபேன் பக்கம் குளிர்ந்து, மறுபடி திரும்பி ஓடிவரும். நசுங்கினால் அந்த ஓட்டம் நின்றுவிடும்.

அப்புறம் கட்டில். மெத்தை மேல் வைத்தால் அடியில் இருக்கிற காற்று ஓட்டை முழுக்க அடைபட்டுவிடும். ஜமுக்காளம் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. கட்டிலை விட்டு ஒரு பலகைக்கு வாருங்கள். பின்பக்கக் கால்களுக்கு அடியில் இரண்டு பாட்டில் மூடியை வையுங்கள், அந்த ஒரு விரல் உயரமே அடியில் காற்றுக்கு வழி விட்டுவிடும். மடியிலும் வேண்டாம். தீப்புண் ஆகாத மிதமான சூடுகூட நாள்கணக்கில் ஒரே இடத்தில் பட்டால் தோலில் வலை பின்னினது மாதிரி பழுப்புத் தடம் விழும். 2010-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் 12 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார்கள். மாதக்கணக்கில் தினமும் மணிக்கணக்காக லேப்டாப்பைத் தொடையில் வைத்து கேம் ஆடியிருக்கிறான். இடது தொடையில் மட்டும் அந்தத் தடம். லேப்டாப்பின் இடது பக்கம்தான் அதிகம் சுட்டிருக்கிறது. அந்தக் காலத்துக் குளிர் நாட்டுப் பாட்டிகளுக்கு அடுப்பின் முன் உட்கார்ந்து காலில் வந்த அதே நோய்.

வெயில் தாங்காமல் சிலர் செய்கிற வைத்தியத்தையும் சொல்லிவிடுகிறேன். அடியில் ஈரத்துண்டு விரிப்பது, ஐஸ் பையை வைப்பது, தண்ணீர் ஊற்றும் ஏர் கூலரை நேராக லேப்டாப் மேல் திருப்பிவிடுவது. ஐஸ் பட்ட உலோகத்தில் குளிர்ந்த சொம்பில் கோத்துக்கொள்வது மாதிரி தண்ணீர் கோக்கும். வெளிப்பக்கத்தில் மட்டும் கோக்காது, போர்டிலும் கோக்கும். பச்சைப் பூஞ்சணம் பிடித்த போர்டைக் கோடையில்தான் அதிகம் பார்க்கிறேன், மழைக்காலத்தில் இல்லை. சாதா டேபிள் ஃபேன் போதும். மதியம் ஆடாமல் ராத்திரி ஆடினால் அறையே பத்து டிகிரி விட்டுக்கொடுக்கும், செலவில்லாமல்.

மென்பொருள் பக்கம் நான் உங்களுக்குச் செய்யச் சொல்வது ஓவர்க்ளாக்குக்கு நேர் எதிரானது. விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் ‘மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்’ என்று ஒரு வரி இருக்கும், சில லேப்டாப்பில் மறைத்து வைத்திருப்பார்கள். 100 என்று இருப்பதை 99 ஆக்குங்கள். டர்போ நின்றுவிடும். பிராசஸர் சுமார் 2.5 ஜிகாஹெர்ட்ஸிலேயே நிற்கும், சூடு சட்டென்று இறங்கும். ஆரம்பத்தில் வருகிற 70 கொஞ்சம் குறையலாம். ஆனால் கால் மணி நேரம் கழித்தும் அங்கேயே நிற்கும். நிறைய கேம்களில் உங்கள் 1650 கிராபிக்ஸ்தான் முழி பிதுங்கிக்கொண்டிருக்கும், பிராசஸர் அதற்காகக் காத்திருக்கும், அதனால் இதில் பெரிய இழப்பு தெரியாது. கூடவே என்விடியா கண்ட்ரோல் பேனலில் ‘மேக்ஸ் ஃபிரேம் ரேட்’ என்பதை 60-இல் நிறுத்துங்கள். மெனுப் பக்கத்தில் சும்மா நிற்கும்போது 200 எஃப்பிஎஸ் வரைந்து கிராபிக்ஸ் வேர்ப்பது யாருக்கு லாபம்?

வோல்டைக் கூட்டாமல் குறைப்பதற்கு அண்டர்வோல்ட் என்று பெயர். எனக்குப் பிடித்தது இதுதான், வர்க்கக் கணக்கு இப்போது நம் பக்கம் வேலை செய்யும் இல்லையா. ஆனால் பிராசஸரில் அது உங்களுக்குக் கிடைப்பது சந்தேகம். 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற ஓட்டை வெளியே வந்தது. வோல்டைத் தந்திரமாகக் குறைத்துச் சிப்பைத் தப்புக் கணக்குப் போட வைத்து, அதன் ரகசியங்களைத் திருட முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதற்கப்புறம் பல கம்பெனிகள் பயாஸிலேயே அந்தக் குமிழைப் பூட்டிவிட்டன. திருடன் நுழைவான் என்று வாசலை அடைத்தார்கள், நமக்கும் சேர்த்து. கிராபிக்ஸில் அந்தப் பூட்டு இல்லை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் வோல்ட் வளைகோட்டைத் திறந்து, இப்போது ஓடுகிற அதே துடிப்பைக் கொஞ்சம் குறைந்த வோல்டில் நிறுத்தலாம். ஒரு படி இறக்குங்கள், அரை மணி நேரம் ஆடிப் பாருங்கள், திரை சிதறினால் ஒரு படி ஏற்றிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் ஆசை விடவில்லை என்றால், உங்கள் லேப்டாப்பில் ஓவர்க்ளாக் செய்ய இடம் இருப்பது அந்த கிராபிக்ஸ் ஒன்றில்தான். அதே ஆஃப்டர்பர்னரில் துடிப்பை ஐம்பது, நூறு மெகாஹெர்ட்ஸ் ஏற்றலாம். அதன் மின் வரம்பு தனியாகப் பூட்டியிருப்பதால் சூடு பெரிதாக ஏறாது, கேம் பாதியில் மூடிக்கொள்வதும் திரையில் வண்ணப் பொட்டுகள் வருவதும்தான் தொந்தரவு. ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி ஆகிவிடும், அதனால் ‘விண்டோஸ் தொடங்கும்போதே போடு’ என்ற டிக்கை வைக்காதீர்கள். கிடைக்கிற லாபம் என் அனுபவத்தில் 60 வரும் இடத்தில் 63, 64. அந்த மின் வரம்பையும் உடைக்க, கிராபிக்ஸுக்கென்று இருக்கிற பயாஸான விபயாஸை மாற்றி எழுதச் சொல்லும் வீடியோக்களும் உண்டு. அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம்.

காசு செலவழிக்கத் தயார் என்றால் ஒரு 8 ஜிபி ரேம் வாங்குங்கள். இப்போது ஒரே ஸ்டிக்கில் 8 இருந்தால் பிராசஸர் ஒற்றை வழிச் சாலையில் போய்வந்துகொண்டிருக்கிறது. இன்னொரு ஸ்லாட்டில் இன்னொரு 8 போட்டால் இரண்டு வழி ஆகும். டிடிஆர்4, 2933 அல்லது 3200 என்று போட்டது போதும். ஓவர்க்ளாக்கில் கனவு காண்கிற வேகத்தைவிட இதில் அதிகம் கிடைக்கும், சூடும் ஏறாது.

புது பேட்டரி வந்த பிறகு, கம்பெனி மென்பொருளில் சார்ஜை 60-லோ 80-லோ நிறுத்துகிற வசதி இருக்கிறதா பாருங்கள். ‘கன்சர்வேஷன் மோடு’, ‘பேட்டரி ஹெல்த்’ என்று ஒவ்வொருவர் ஒவ்வொரு பெயர் வைத்திருப்பார்கள். எப்போதும் சார்ஜரில் ஆடுகிறவருக்கு அது கட்டாயம். சார்ஜரும் ஒரிஜினல் வாட்டிலேயே இருக்கட்டும், பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது என்று 65 வாட் சார்ஜரைச் செருகினால் பற்றாத மின்சாரத்தை லேப்டாப் பேட்டரியில் இருந்து உறிஞ்சும், ஆடும்போதே பேட்டரி தேயும். அந்தச் சார்ஜர் செங்கல்லையும் தலையணைக்கு அடியில் தள்ளாமல் தரையில் வையுங்கள்.

சர்வீஸ் முடிந்து வந்ததும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் பின்னால் ஓடவிட்டு அரை மணி நேரம் ஆடுங்கள். பிராசஸரின் அதிகபட்ச சூடு, கிராபிக்ஸின் அதிகபட்ச சூடு, ‘தெர்மல் த்ராட்லிங்’ என்ற வரியில் ஆம் என்று இருக்கிறதா இல்லை என்று இருக்கிறதா, இந்த மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் அப்போது அறை எத்தனை டிகிரி என்பதையும் எழுதுங்கள், அது இல்லாமல் மற்ற மூன்றும் எனக்குப் பயன்படாது. அந்தத் தாளோடு மறுபடி எழுதுங்கள். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கே, அந்த மேஜையில் வைத்துத் தட்டிப் பார்க்கிற வேலை.